கட்டி விழுந்த ஈரலை நாய்க்கு வீசாதீர்கள்: சேலத்துக் கறிக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தில் ஆட்டுக்கறிக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் பாய்மார்களுக்கும், கடையில் கத்தி பிடிக்கும் தம்பிகளுக்கும், கிடா வெட்டும் கோயில்களின் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். இதை ஆட்சியருக்கோ ஆணையருக்கோ எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதக் காரணம், ஆட்டின் வயிற்றைத் தினமும் திறந்து பார்ப்பவர்கள் நீங்கள்தான். உயிரோடு நிற்கிற ஆட்டின் கண் இமையை இழுத்துப் பார்த்து, புழுக்கையைச் சோதித்து, உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிப்பதுதான் எங்கள் தொழில். ஞாயிற்றுக்கிழமை விடியலில் புளியமரத்தடியில் அறுபடும் ஆட்டை எந்த டாக்டரும் வந்து பார்ப்பதில்லை. அந்த ஈரலை முதலில் பார்க்கிற கண் உங்களுடையது. பெரும்பாலும் அதுவே கடைசிக் கண்ணும்கூட.

ஈரலில் சில நாள் வெள்ளையாக ஒரு கட்டி இருக்கும். நீங்கள் 'தண்ணிக் கட்டி' என்பீர்கள். வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்குள் அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்து, கடைக்குக் கீழே படுத்திருக்கும் நாய்க்கு வீசிவிடுவீர்கள். நுரையீரலில் இருந்தால் முழு நுரையீரலும் போகும். நாய் அதைக் கீழே விழவிடாமல் வாயிலேயே பிடித்துக்கொள்ளும். இந்த மடல் முழுக்க அந்த ஒரு வீச்சைப் பற்றியதுதான்.

அந்தக் கட்டி பாதி ஈரலுக்குள் புதைந்தும் பாதி மேலே எழும்பியும் இருக்கும். தோல் கெட்டி. விரலால் அழுத்தினால் இறுகி நிற்கும். கத்தி முனை பட்டால் தெளிந்த தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், உங்களில் பலர் முகத்தில் வாங்கியிருப்பீர்கள். தண்ணீர் போனபின் உள்ளிருந்து வெள்ளை ஜவ்வு ஒன்று தனியாகக் கழன்று வரும். அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஆடாமல் வைத்துப் பாருங்கள். அடியில் நைஸ் ரவை போல ஏதோ படியும். அது அழுக்கோ சீழோ இல்லை. அத்தனையும் நாடாப்புழுவின் தலைகள். நன்றாக வளர்ந்த ஒரு கட்டிக்குள் அவை ஆயிரக்கணக்கில் இருக்கும்.

எக்கினோகாக்கஸ் என்பது இந்தப் புழுவின் பெயர். ஆட்டுக்குள் கட்டியாக இருக்கும்வரை அதனால் முட்டையிட முடியாது. நாயின் வயிற்றுக்குப் போனால்தான் முழுப் புழு ஆகும். நீங்கள் வீசிய துண்டு நாயின் குடலுக்குப் போனதும் ஒவ்வொரு தலையும் குடல் சுவரில் கவ்விக்கொண்டு வளர ஆரம்பிக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் வளர்ந்து முடிந்துவிடும். நாடாப்புழு என்றதும் முழ நீளத்தில் நெளியும் ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது மொத்தமே 3 முதல் 6 மில்லிமீட்டர்தான். ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் வாடாது, மெலியாது, மினுமினுப்பாகவே திரியும். அதன் மலத்தோடு மட்டும் முட்டைகள் நாள்தோறும் வெளியே வந்துகொண்டிருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை.

நாய் கழித்த இடத்துப் புல்லை மேயும் ஆடு முட்டையை விழுங்குகிறது. குடலில் பொரிந்த குஞ்சு ரத்தத்தில் கலந்து ஈரலில் போய்த் தங்குகிறது, ஈரலைத் தாண்டியது நுரையீரலில். அங்கே கட்டி மெதுவாக, வருடக்கணக்கில் வளர்கிறது. பால்பல் மாறாத குட்டிக் கிடாவில் நீங்கள் இதைப் பெரிதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். நாலைந்து ஈத்து போட்டு, பல் தேய்ந்து, சந்தையில் மலிவாகக் கிடைத்த கிழட்டுப் பெட்டையை அறுக்கும்போதுதான் அடிக்கடி கண்ணில் படும். மலிவுக்கு வாங்கினால் கட்டி வரும் என்று அனுபவத்தில் சொல்வீர்களே, அதன் காரணம் இவ்வளவுதான். ஆட்டுக் கட்டியை நாய்க்குத் தின்னக் கொடுத்தால் நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது என்பதை ஜெர்மானிய விலங்கியலாளர் சீபோல்ட் 1853-இலேயே சோதித்துக் காட்டினார். அன்று அவர் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையை இன்று வாரம் தவறாமல் கடைவாசலில் நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

மனிதன் இதில் எங்கே வருகிறான்? ஆடு இருக்கிற அதே இடத்தில்தான். நாய் பின்புறத்தை நக்கிவிட்டு அதே வாயால் உடம்பையும் நக்குகிறது. ரோமத்தில் முட்டை ஒட்டுகிறது. குழந்தை நாயைக் கட்டிப்பிடித்து விளையாடிவிட்டுக் கையைக் கழுவாமல் முறுக்கு தின்கிறது. நாய் புழங்கும் தோட்டத்துக் கீரையைச் சரியாக அலசாமல் ஆய்கிறோம். ஆட்டுக்குள் நடந்தது அப்படியே நமக்குள்ளும் நடக்கிறது. பெரும்பாலும் ஈரல், அடுத்தது நுரையீரல். பத்து வருடம் ஆனாலும் வெளியே தெரியாது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்படும். சிலருக்கு வாரக்கணக்கில் மாத்திரை, பலருக்கு ஆபரேஷன். அடிபட்டோ அறுவையின்போதோ உள்ளேயே கட்டி உடைந்தால், அந்தத் தண்ணீருக்கு உடம்பு கடுமையாக ஒவ்வாமை காட்டி உயிருக்கே ஆபத்தாகும். சிதறிய ஒவ்வொரு தலையும் புதுக் கட்டியாக முளைக்கவும் கூடும். மனிதனின் ஈரலை எந்த நாயும் தின்னப் போவதில்லை என்பதால் புழுவுக்கு நாம் முட்டுச்சந்து. அதனால் அதற்கும் லாபமில்லை, நமக்கும் இல்லை.

இங்கே ஒரு தப்புக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். கட்டி இருந்த ஆட்டின் கறியைத் தின்றால் இந்த நோய் வரும் என்று வாடிக்கையாளர் பயப்படுவார். அந்தப் பயத்தில்தான் நீங்களும் அவசரமாக அதை ஒளிக்கிறீர்கள். வராது. கட்டிக்குள் இருப்பது நாய்க்கு மட்டுமே புழுவைத் தரும். மனிதனுக்கு நோய் தருவது நாயின் மலத்தில் வரும் முட்டை. கட்டி விழுந்த பகுதியை விற்கக் கூடாது, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கடையில் உண்மையில் ஆபத்தான இடம் தராசுத் தட்டு இல்லை. கடைக்குக் கீழே வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்த இடம்.

நாய்வழியாகச் சுற்றும் புழு இது ஒன்றுதானா என்றால், இல்லை. குடலைச் சுற்றிய கொழுப்புச் சவ்வில் தண்ணீர் நிறைந்த பை ஒன்று தனியாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது வேறு நாடாப்புழு. மனிதனுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை, ஆடுகளுக்கு உண்டு. இன்னொன்று மூளைக்குப் போவது. பட்டியில் ஒரு ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும், சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், மேய்ச்சலில் மந்தையைவிட்டுப் பின்தங்கும். மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கத்தில் இதைக் கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப்போட்டவர்கள் உண்டு. மண்டைக்குள் தண்ணீர்க்கட்டி வளர்ந்து மூளையை அழுத்துவதால் வருவது அது. அந்த ஆட்டை அவசரமாக அறுத்து, யாரும் வாங்காத தலையை நாய்க்குப் போட்டால், அது மண்டையை உடைத்து மூளையைத் தின்னும். அடுத்த வருடம் அதே பட்டியில் இன்னொரு ஆடு சுற்றும்.

எல்லாப் புழுவுக்கும் நாய்தான் காரணம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஈரலின் பித்தக் குழாயை அறுத்தால் இலை வடிவில் தட்டையாக வழுக்கிக்கொண்டு வருமே, அது நத்தைவழியாக வருவது. ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மேய்ந்த ஆடு மாடுகளிடம் இருக்கும். அதற்கு வைத்தியமும் வேறு, காவலும் வேறு.

மலைக்கு வருகிறேன். ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர்களும், ஒண்டிக்கடை, நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் விசேஷத்துக்கு ஆடு அறுப்பவர்களும் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். இந்த முட்டைக்கு எமன் வெயிலும் வறட்சியும்தான். சித்திரை மாதத்து மேச்சேரிக் காட்டில் நாய் மலம் காய்ந்து பொடியாகும்போது முட்டையும் சீக்கிரம் செத்துப்போகும். சேர்வராயன் மலையில் கதை வேறு. சுமார் 1500 மீட்டர் உயரம், பனிமூட்டம், சில்வர் ஓக் நிழலில் ஈரம் காயாத காப்பித் தோட்டம். அந்த மண்ணில் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சமவெளியில் பத்து நாய் செய்கிற கேட்டை மலையில் ஒரு நாய் செய்துவிடலாம்.

அங்கே நாய் தோட்டத்துக்குள் போகும், லைன் வீட்டுக்கும் போகும், காட்டுக்கும் போகும். சாயங்காலம் காட்டெருமைகள் இறங்கி மேயும் அதே சரிவில்தான் காலையில் அது கழித்திருக்கும். மேய்கிற பிராணி எதுவானாலும் இந்த முட்டையை விழுங்க வழி இருக்கிறது. செத்த விலங்கைத் தின்னும் நரி வயிற்றில் நாய்க்கு வளர்வது போலவே இந்தப் புழு வளரும். நாட்டு நாயில் இருக்கும்வரை மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாம். காட்டு நரிக்கு யார் மாத்திரை கொடுப்பது? மலைக்குச் சுற்றுலா வந்து ரோட்டோரம் அடுப்புக் கூட்டிச் சமைத்துவிட்டு, குடலையும் ஈரலையும் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை, ஆடு அறுத்துக் கொடுக்கிற நீங்களாவது சொல்லி அனுப்புங்கள்.

நரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வாழப்பாடிப் பக்கம் பொங்கல் சமயத்தில் வங்காநரியை வலைவிரித்துப் பிடித்து ஊருக்குள் ஓடவிடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிற விலங்கு அது, வனத்துறை அபராதமும் போடுகிறது. சட்டத்தை விடுங்கள். உண்ணியும் சொறியும் குடல் புழுவும் நாய்க்கு வருவது போலவே அதற்கும் வரும். அதைத் தோளில் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்கிற இளவட்டங்கள் முகத்தில் விழிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதுவும் தூரத்திலிருந்து.

நாய்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே என்று கேட்பீர்கள். தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில், பிடிக்கும் நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசியோடு குடற்புழு நீக்கமும் செய்து அதே இடத்தில் விட வேண்டும் என்றே இருக்கிறது. நல்லது. ஆனால் நாடாப்புழுவுக்கு நாய்க்குக் கொடுக்கும் பிராசிகுவான்டெல் மாத்திரையின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது இன்று குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும், நாளைக்குத் தின்பதற்குக் காவல் இருக்காது. திங்கட்கிழமை மாத்திரை போட்டுக் கொண்டுவந்து விட்ட நாய்க்கு அடுத்த ஞாயிறு நீங்கள் ஒரு துண்டு வீசினால், மாத்திரைக் காசும் ஆள் கூலியும் தண்டம். கடைவாசலை நிறுத்தாமல் நாயை மட்டும் பிடித்துப் பயனில்லை என்பது என் முடிவு.

பட்டிநாய் வைத்திருக்கும் ஆட்டுக்காரர்களுக்கு இதையும் சொல்லிவிடுங்கள், அவர்கள் உங்களிடம்தான் வருகிறார்கள். இந்த மாத்திரை நாயின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கு, அதாவது 10 கிலோ நாய்க்கு 50 மில்லிகிராம். கால்நடை மருந்தக டாக்டரிடம் கேட்டுக் கொடுக்கலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் புழு முட்டையிடும் வயதுக்கு வருமுன்பே போய்விடும். கொடுத்தபின் இரண்டு நாள் கட்டிவைத்து, மலத்தை அள்ளி ஆழமாகப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. பினாயில் ஊற்றினாலும் முட்டை சாகாது, கொதிக்கிற வெந்நீர் ஊற்றினால் சாகும். ஆட்டுக்கு வழக்கமாக வாயில் ஊற்றும் குடற்புழு மருந்து ஈரலில் இருக்கும் கட்டியைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்ற சந்தேகம் நியாயமானது. ஐஸ்லாந்து என்று ஒரு குளிர்நாடு, அந்தக் காலத்தில் அங்கே ஆடும் நாயும் இல்லாத வீடு அரிது. 1863-இல் ஹரால்ட் கிராபே என்ற டேனிஷ் ஆய்வாளர் அங்கே போய் 100 நாய்களை அறுத்துப் பார்த்தார். 28 நாய்களின் குடலில் இந்தப் புழு. மறு வருடம் சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார், அதை அச்சடித்து வீடுவீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். கட்டி விழுந்த ஈரலை நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி என்பதுதான் அதன் சாரம். 1869-இல் சட்டமும் வந்தது. தலைமுறைகள் கடந்து அந்த நோய் அந்த நாட்டைவிட்டே போனது. இடையில் பயம் மிஞ்சிப்போய் 1924-இல் தலைநகரான ரெய்க்யவிக்கில் நாய் வளர்க்கவே தடை போட்டார்கள், அது வேறு கதை. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நியூசிலாந்து 1959-இல் சட்டம் போட்டு, ஊர் ஊராக நாய்களைக் கூட்டிவைத்துப் பேதி மருந்து கொடுத்தது. அந்த மருந்துச் சத்தை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா, நாம் வெற்றிலையில் வைத்து மெல்லும் கொட்டைப்பாக்கிலிருந்து. (இதைப் படித்துவிட்டு நாய்க்குப் பாக்கு இடித்துக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள், அளவு தவறினால் நாய் செத்துப்போகும்.) 2002-இல் அந்த நாடும் இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தது. இரண்டு இடத்திலும் அடிப்படை விதி ஒன்றுதான்: பச்சை ஈரல், பச்சை நுரையீரல் நாய் வாய்க்குப் போகக் கூடாது.

நாயைப் பட்டினி போடச் சொல்லவில்லை. வாயில்லா ஜீவனுக்குப் போடுவது புண்ணியம் என்று நினைக்கிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், என் வீட்டிலும் நாய் இருக்கிறது. தலை, கால் வாட்டுகிற அடுப்பு உங்கள் கடையிலேயே எரிந்துகொண்டிருக்கிறது. அதன் ஓரத்தில் பழைய டின் ஒன்றை ஏற்றி, ஒதுக்கின ஈரலையும் நுரையீரலையும் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பெரிய துண்டானால் இன்னும் கொஞ்ச நேரம். அதன்பிறகு ஆறவைத்துத் தாராளமாகப் போடலாம், எந்தப் புழுவும் மிச்சமிருக்காது. வாட்டுகிற தீயில் மேலாகக் காட்டி எடுத்தால் போதாது, உள்ளே பச்சையாகவே இருக்கும். கொதிக்கவைக்க நேரமில்லை என்றால் மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள். கட்டியைக் குத்தி உடைக்காமல், சுற்றி இருக்கும் ஈரலோடு சேர்த்து அறுத்து எடுங்கள். உடைந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் கறிக்கட்டையிலும் தரையிலும் வழியும், நாய் அதையும் நக்கும். சாயங்காலம் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். குழி இடுப்பளவு ஆழமாவது இருக்கட்டும், முழங்கால் ஆழத்தை நாய் பத்து நிமிடத்தில் பறித்துவிடும்.

ஈரலில் ஒரு துண்டு போனால் காசு போகிறதே என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தத் துண்டை நீங்கள் இப்போதும் விற்பதில்லை. விழுகிற இடம் மட்டும்தான் மாற வேண்டும்.

விழாக் குழுவினருக்கு. ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் அணை முனியப்பன் கோயிலில் எத்தனை கிடா விழுகிறது என்று எண்ணி மாளாது. ஊர்க் காவல் தெய்வங்களுக்குத் தனித்தனியாக வெட்டுகிறவர்களும் உண்டு. பக்ரீத் குர்பானிக்கு வீட்டருகிலேயே அறுப்பவர்களும் உண்டு. கடையில் ஒரு நாள் இரண்டு நாய் தின்றால், அங்கே ஒரே பகலில் ஊர் நாய் மொத்தமும் தின்னும். பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் முன்பணம் கொடுக்கும்போதே ஜேசிபிக்காரரிடம் ஒரு குழிக்கும் சொல்லிவையுங்கள். கழிவைக் குழியில் போட்டு மூடும்வரை கம்போடு காவலுக்கு ஒரு ஆளும் வேண்டும், குழி வெட்டிவிட்டுத் திறந்துபோட்டால் நாய்களுக்குப் பந்தி வைத்த மாதிரிதான்.

மாநகராட்சி, பேரூராட்சி அதிகாரிகள் இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை பத்து மணிக்குள் கறிக்கடைக் கழிவைத் தனி வண்டியில் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மதியம் வரைக்கும் மூட்டை வாசலில் கிடந்தால் கடைக்காரர் எவ்வளவு கவனமாக இருந்தும் நாய் பிய்த்துவிடும். எடுத்த கழிவையும் திறந்த குப்பைமேட்டில் கொட்டினால், கடைக்காரர் பட்ட பாடெல்லாம் வீண்.

சங்கத்தில் பேசி ஒரு கடையைச் சொல்லுங்கள், நானே வந்து கத்தி பிடிக்கும் தம்பிகளுக்குக் காட்டித் தருகிறேன். எது நாய்வழிக் கட்டி, எது வெறும் சீழ்க்கட்டி, எதை எங்கே வெட்டி எடுப்பது என்பதைப் பேச்சில் சொல்வதைவிடக் கட்டையில் வைத்துக் காட்டுவது சுலபம். கிழட்டுப் பெட்டை அறுக்கிற நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். விடியற்காலை நாலு மணி என்றாலும் வருகிறேன். ஈரலை மட்டும் நான் வரும்வரை பிளக்காமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்,
சேலம்.